பதினொரு நிமிடம் அசையாத மவுஸ்

அந்த மவுஸ்களைப் பெட்டி பெட்டியாக மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறியவன் நான்தான். அவற்றுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது என்று முகாமையாளருக்குத் திறந்து காட்டியவனும் நான்தான். அதனால் அம்னா அக்காவுக்கு நடந்ததை நானே சொல்வதுதான் சரி.

எங்கள் கந்தோர் கண்டியில், கட்டுகஸ்தோட்டை வீதியில், ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே இருக்கிறது. குரங்குகள் உள்ளே புகுந்து சாப்பாட்டுப் பார்சல்களைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க எல்லா ஜன்னல்களுக்கும் கம்பி வலை அடித்திருக்கிறார்கள். என்னையும் சேர்த்து இருபத்துநான்கு பேர். வெளிநாட்டு முதியோர் இல்லங்களில் தாதிமார் கையால் எழுதும் மருந்துத் தாள்கள் படமாக எங்களுக்கு வரும். யாருக்கு, என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று பார்த்துக் கணினியில் பதிய வேண்டும். ஒரே தாளை இரண்டு பேர் தனித்தனியாகப் பதிவார்கள். இரண்டும் ஒத்துப்போனால் பதிந்தது அப்படியே அந்த இல்லத்துக்குப் போய்விடும். ஒத்துப்போகாவிட்டால் சரிபார்ப்பவரிடம் வரும். இன்சுலின் போன்ற ஆபத்தான மருந்துகள் மட்டும் ஒத்துப்போனாலும் அவரிடம் வந்துதான் தீரும்.

அந்தச் சரிபார்ப்பவர் அம்னா அக்கா. வயது நாற்பத்திரண்டு. கலகெதரவிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். பன்னிரண்டு வருடமாக அதே மேசை. மற்றவர்களின் விரல்கள் மழை மாதிரி விசைப்பலகையில் கொட்டிக்கொண்டிருக்க, இவர் இடது கையால் நாடியைத் தாங்கிக்கொண்டு, வலது கையை மடியில் வைத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் தோன்றும். ஆனால் கடல் கடந்து இருக்கும் அந்தத் தாதிமார் ஒவ்வொருவரின் கையெழுத்தும் அவருக்குத் தெரியும். அவர்களுக்குப் பெயரும் வைத்திருந்தார். ஒருத்தி அவசரக்காரி. இன்னொருத்தி நண்டு, அவளுடைய எழுத்துகள் பக்கவாட்டில் நடக்கும் என்பதால். "இண்டைக்கு நண்டு லீவு போல. வேற யாரோ எழுதி ஈக்கி" என்பார். 'இருக்கு' என்பது அவர் பேச்சில் 'ஈக்கி'.

அந்தப் புது மவுஸ்கள் வருவதற்கு முன் எங்களிடம் இருந்தவை பென்சில் பற்றரி போட்ட மவுஸ்கள். நாட்டில் எதுவும் கிடைக்காமல் போன அந்த வருடம் பற்றரிக்கும் கடை கடையாக அலைந்தோம். அதற்குப் பிறகு அவை கிடைத்தாலும் ஒரு மாதம் தாங்கவில்லை. கொழும்புத் தலைமைக் கந்தோர் யோசித்து, போன மாசி மாதம் புதுவகை மவுஸ்களை அனுப்பியது. வயரும் இல்லை, பற்றரியும் இல்லை. அசைக்க அசைக்கத் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

எனக்கு அதைப் பார்த்ததும் ஆசை தாங்கவில்லை. ஒன்றைக் கழற்றி உள்ளே பார்த்தேன். அம்னா அக்கா எட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்கு என்ன ஈக்கி சுஜந்தன்?"

"அடியில ஒரு சின்ன உருளை அக்கா. மேசையில தேய்ச்சுக்கொண்டு போகேக்க அது உருளும். அதோட சேர்ந்து உள்ளுக்கு ஒரு காந்தம் சுத்தும். காந்தத்தைச் சுத்திக் கம்பிச் சுருள். அதில கரண்ட் வரும்."

"சைக்கிள் டைனமோ மாதிரி."

"ஓம், அதேதான். வாற கரண்டைக் கொஞ்ச நேரம் சேர்த்து வைக்கும். ரெண்டு நிமிசம் கையை எடுத்திட்டுச் சும்மா இருந்தா நித்திரை கொண்டிடும். திரும்ப ஒருக்கா ஆட்டினா எழும்பும்."

அக்கா தன்னுடைய மவுஸை வாங்கி மேசையில் இப்படியும் அப்படியும் ஓட்டினார். முன்பக்கத்தில் பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. சிறு பிள்ளை போலச் சிரித்தார். "நல்ல சாமான். யார் யோசிச்சாங்களோ, அவங்களுக்கு அல்லாஹ் நல்ல புத்திய குடுத்து ஈக்கிறான்" என்றார். அந்த மவுஸ்மேல் அவருக்கு எந்த நேரத்திலும் கோபம் இருக்கவில்லை. இதை நான் சொல்லியே ஆக வேண்டும். பின்னால் கொழும்பிலிருந்து வந்தவர்கள், புதிய கருவிக்குப் பழக முடியாத ஒருவர் என்று அவரைப் பற்றி எழுதினார்கள்.

மவுஸ்களோடு ஒரு மென்பொருளும் வந்தது. எந்த மவுஸ் எவ்வளவு மின்சாரம் உண்டாக்குகிறது, எது பழுதாகிறது என்று என்னைப் போன்ற தொழில்நுட்பக்காரன் அறிந்துகொள்வதற்காகச் செய்தது அது. எங்கள் முகாமையாளர் நஸீப் ஒரு நாள் என் மேசைக்கு வந்தார். அக்குறணை ஆள், என்னைவிட நாலைந்து வயதுதான் மூப்பு. திரையில் இருபத்துநான்கு கோடுகள் உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்பதைப் பார்த்து, அது என்ன என்று கேட்டார்.

நான் விளக்கினேன். பெருமையோடுதான் விளக்கினேன்.

"அப்ப ஒவ்வொருத்தரும் எவ்வளவு ஆட்டினாங்கன்டு தெரியுது."

"ஓம் சேர். ஆனா அது மவுஸ் அசையிறதுதான்..."

நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் கண்ணாடி அறைக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டு அறைக்குப் பக்கத்திலுள்ள அறிவித்தல் பலகையில் ஒரு பட்டியல் தொங்கியது. மேலே "வாராந்த உழைப்பு" என்று எழுதியிருந்தது. ஒன்றிலிருந்து இருபத்துநான்குவரை பெயர்கள். கடைசிப் பெயர் அம்னா.

அக்கா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். முதல் கிழமை எல்லோருக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது. இரண்டாம் கிழமை, கடைசி ஐந்து பெயர்களுக்கு மேலே சிவப்புக் கோடு இழுக்கப்பட்டிருந்தது. வேலைக்கு ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். சொன்னது யார் என்று தெரியவில்லை. ஆனால் எல்லோருக்கும் அது போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு எங்கள் கந்தோர் மாறிப்போனது. தாளை வாசிக்கும்போதும் வலது கைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. போன் பேசும்போதும் சுற்றின. ஒருவன் தன் மவுஸை மேசைக் காற்றாடியின் தலையோடு நூலால் கட்டிவிட்டு டீ குடிக்கப் போனான். காற்றாடி இடமும் வலமும் திரும்பத் திரும்ப மவுஸ் மேசையில் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கிழமை அவன் இரண்டாம் இடம்.

வீரம்மா மடுல்கெல்லையிலிருந்து வருபவள். வத்தேகமையில் பஸ் மாறி, மழைக் காலத்தில் இரண்டு மணித்தியாலம் பயணம் செய்து வந்து சேர்வாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகாமல் கணினி படித்து வந்தவள். எங்களில் மிகத் திருத்தமாகப் பதிபவள் அவள்தான். விசைப்பலகையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவதால் மவுஸைத் தொடவே தேவையில்லை. அதனாலேயே இருபதாம் இடத்துக்குப் போனாள். ஒரு மதியம் அவள் இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பதை அம்னா அக்கா கண்டார்.

"வலது கைக்கு என்ன வீரம்மா?"

"வீங்கியிருக்குக்கா. சும்மா சுத்திக்கிட்டே இருக்கேன்ல."

"ஏன் சுத்துற?"

"என்னாக்கா செய்ய? கோட்டுக்குக் கீழ இருந்தா தூக்கிருவாங்கன்னு சொல்றாங்க. எங்க வீட்டுல நான் ஒருத்திதான் மாசச் சம்பளக்காரி."

அக்கா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். எலும்பு தெரியாத அளவுக்கு ஊதியிருந்தது. தன் சாப்பாட்டை முடிக்கவில்லை. எழுந்துபோய்க் கை கழுவினார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில்தான் அந்தத் தாள் வந்தது.

எண்பத்தாறு வயதுக் கிழவி ஒருத்திக்கு இரவு போட வேண்டிய இன்சுலின். பதிந்த இருவரும் நூறு யூனிட் என்று பதிந்திருந்தார்கள். இரண்டும் ஒத்துப்போயின. படத்திலும் ஒன்று, பூச்சியம், பூச்சியம் என்றுதான் தெரிந்தது. அக்கா சரி என்று ஓர் அழுத்து அழுத்தியிருந்தால் அடுத்த தாள் வந்திருக்கும்.

அவர் அழுத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். அன்று எனக்கு அவருக்கு முன்மேசையில் ஒரு திரையை மாற்றும் வேலை. பச்சை விளக்கு அணைந்ததை நானே கண்டேன். அவர் எதையோ வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பிறகு ஒரே ஒரு விசையை அழுத்தி அதே கிழவியின் முந்தைய நாள் தாளை எடுத்தார். அதையும் நெடுநேரம் பார்த்தார். அதற்கும் முந்தையது. இரண்டிலும் இன்சுலின் இருக்கவில்லை. பிறகு அந்தத் தாதி வேறு ஆட்களுக்கு எழுதிய தாள்கள்.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார். "சுஜந்தன், இங்க பாருங்க. இது யாரு, அவசரக்காரி. அவ பூச்சியம் போட்டா எப்பவும் மேலயிருந்து தொடங்கி இடப்பக்கமா சுத்துவா. முதல் பூச்சியம் அப்படித்தான் ஈக்கி. ரெண்டாவது வேற மாதிரி. கீழ வளைஞ்சு மேல வந்து முட்டுது."

"அப்ப அது என்னக்கா?"

"அது பூச்சியமே இல்ல. யூனிட்டுக்குப் போடுற 'யூ' எழுத்து. அவசரத்துல வாய் மூடிட்டு. இது பத்து யூனிட். நூறு இல்ல."

எங்கள் அம்மம்மா சர்க்கரை வியாதிக்காரி. பத்து போட வேண்டியவருக்கு நூறு போட்டால் விடியும்போது என்ன நடந்திருக்கும் என்று யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா அந்தத் தாளைச் சந்தேகம் என்று குறித்து அனுப்பினார். அன்று மாலையே அங்கிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. பத்துதான் சரி, கவனித்ததற்கு நன்றி. அந்தப் பதில் பொது மின்னஞ்சலுக்கு வந்தது. நஸீப் அதைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமைப் பட்டியலிலும் அக்கா இருபத்துநான்காம் இடம். இம்முறை கண்ணாடி அறைக்கும் அழைப்பு வந்தது. பட்டியலின் பிரதியைக் கொண்டுவரச் சொன்னதால் நானும் அங்கே நின்றேன்.

மேசையில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு கடிதம். தொடர்ந்து மந்தமாக வேலை செய்வது, அதிலும் கடந்த செவ்வாய்க்கிழமை மிக மோசம் என்பது அதன் சாரம். கீழே, இதை ஏற்றுக்கொள்கிறேன் என்ற வரியும் கையெழுத்துக்குப் புள்ளிக் கோடும்.

அக்கா முழுவதும் வாசித்தார். தாளை மேசையில் திரும்ப வைத்தார்.

"நான் வெக்க மாட்டன்."

"மிஸ், இது சும்மா ஒரு கடிதம்" என்றார் நஸீப். "வெச்சிட்டுப் போங்க. அடுத்த மாசம் மவுஸ கொஞ்சம் கூட ஆட்டுங்க. சரியாயிடும்."

"எதுக்கு ஆட்டுற?"

"சும்மா ஆட்டுங்களேன்."

"நீங்களே சும்மா ஆட்டச் சொல்றீங்க. அப்ப இது என்னத்த அளக்குது?"

நஸீபின் முகம் சிவந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. கொழும்பிலிருந்து நாளுக்கு மூன்று தரம் அவருக்கு அழைப்பு வரும். ஒவ்வொரு தரமும் இலக்கம் கேட்பார்கள். கொடுக்க ஓர் இலக்கம் கிடைத்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கொழும்புக்கு நான் என்ன சொல்ற மிஸ்? ஓராள் முழு நாளும் கைய மடியில வெச்சிட்டு ஈக்கிறாங்கன்டு சொல்லவா?"

"சொல்லுங்க. மடியிலதான் வெச்சிட்டு ஈக்கிற. கண்ண எங்க வெச்சிட்டு ஈக்கன்டும் சேர்த்துச் சொல்லுங்க." அக்கா என் பக்கம் திரும்பினார். "சுஜந்தன், செவ்வாய்க்கிழம என்ட மவுஸ் எத்தன மணிக்கு நித்திர கொண்ட? நிமிஷக் கணக்கு அதுல ஈக்கா?"

நஸீப் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், வாயைத் திறக்காதே என்று இருந்தது. எனக்கு அந்த வேலை தேவை. வாடகை அறை, ஊருக்கு அனுப்பும் காசு, எல்லாம் நினைவுக்கு வந்தன. வீரம்மாவின் மணிக்கட்டும் நினைவுக்கு வந்தது.

"இருக்கு அக்கா. பத்து நாப்பத்திரண்டில இருந்து பத்து ஐம்பத்திமூண்டு வரைக்கும். பதினொரு நிமிசம். அந்தக் கிழமை முழுக்க, சாப்பாட்டு நேரம் போக, வேலை நேரத்தில எல்லாரையும் சேர்த்துப் பார்த்தாலும் இவ்வளவு நேரம் ஒரு மவுஸும் நிண்டதில்லை."

"அந்தப் பதினொரு நிமிஷம் என்ன தாள் என்ட திரையில ஈந்ததுன்டு பாருங்க. பதில் மெயிலுக்கு வந்து ஈக்கி. வாசிங்க. வாசிச்சதுக்குப் பிறகும் கையெழுத்து வெக்கச் சொன்னா, அதையும் எழுத்துல தாங்க."

நஸீப் மின்னஞ்சலைத் தேடி எடுத்தார். வாசித்தார். பிறகு, "நல்ல வேலதான். இல்லன்டு சொல்லல்ல. ஆனா பட்டியல் பட்டியல்தான் மிஸ். ஒராளுக்கு மட்டும் வேற மாதிரி செய்ய ஏலாது" என்றார்.

"ஒராளுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து வெளியே வந்தார்.

நேராக அறிவித்தல் பலகைக்குத்தான் போனார். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தார். பட்டியலில் தன் பெயருக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி, ஓரத்தில் இடம் போதாமல் கீழே வளைந்து, இப்படி எழுதினார்: "செவ்வாய்க்கிழமை 10.42 முதல் 10.53 வரை இந்த மவுஸ் அசையவில்லை. அந்த நேரத்தில், ஒருவருக்கு நூறு என்று போகவிருந்த இன்சுலின் பத்து என்று திருத்தப்பட்டது. இருபத்துநான்காம் இடம் எனக்குச் சம்மதம். அம்னா."

மதியச் சாப்பாட்டுக்குள் அதை எல்லோரும் வாசித்துவிட்டார்கள். வீரம்மா இரண்டு தரம் வாசித்தாள். பிறகு அக்காவிடம் வந்து, "அந்த நூற அடிச்சது நான்தான்க்கா" என்றாள். "கை ஒரு பக்கம் சுத்திக்கிட்டு இருந்திச்சு. கண்ணு நிக்கல."

"எனக்குத் தெரியும், தாள்ல உன்ட பேர் ஈக்கிதானே" என்றார் அக்கா. "அஞ்சு வருஷமா உன்ட தாள்ல நான் பிழை பிடிச்சது எத்தன தரம்? இந்த ஒரு மாசத்துல எத்தன தரம் தெரியுமா? ஒம்பது. உனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் கூடி ஈக்கி."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் மென்பொருளில் எல்லாவற்றையும் விசைகளாலேயே செய்யலாம். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போவது, படத்தைப் பெரிதாக்குவது, தாளைத் திருப்புவது, எல்லாம். வீரம்மாவுக்கு அது கைவந்த வேலை. மற்றவர்களுக்குப் பாதி தெரியும், பாதி தெரியாது.

"வீரம்மா, உமக்குத் தெரிஞ்ச விசையெல்லாத்தையும் ஒரு தாளில எழுதித் தாரும்" என்றேன். "மிச்சத்தை நான் சேர்க்கிறன்."

"எதுக்கு?"

அம்னா அக்காவுக்கு விளங்கிவிட்டது. அவருடைய கண்கள் சிறுத்துப் பளபளத்தன. "வேல நிக்கக் கூடாது" என்றார். "ஒரு தாள் குறைஞ்சாலும் நம்மளத்தான் பிழை சொல்லுவாங்க. மவுஸ் மட்டும்தான் நிக்கணும்."

அரைப் பக்கத் தாள். இருபத்துநான்கு பிரதிகள் எடுத்தேன். செவ்வாயும் புதனும் அது கையிலிருந்து கைக்குப் போனது. சிலர் பயந்தார்கள். காற்றாடியில் கட்டியவன், தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அக்கா எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்:

"எங்கட வீட்டுலயும் சொல்றாங்க. ஒரு கையெழுத்துதானே, வெச்சிட்டு வேலயப் பாருன்டு. கையெழுத்துன்டா லேசான்டு நான் கேட்ட. பன்னெண்டு வருஷமா நான் அதத்தானே பாக்கிற. ஏலாதவங்க மவுஸ ஆட்டுங்க, நான் கோவிக்க மாட்டன். என்ட கை நாளைக்கு அசையாது."

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு வேலை தொடங்கியது. நான் என் திரையில் அந்த மென்பொருளைத் திறந்து வைத்திருந்தேன். கணினியைத் திறந்தபோது அசைந்ததால் இருபத்துநான்கு பச்சை விளக்குகளும் எரிந்தன. எட்டு முப்பத்திரண்டுக்கு ஒன்று அணைந்தது. அது அக்காவுடையது. பிறகு வீரம்மாவுடையது. பிறகு ஜன்னலோரத்து வரிசை, ஒவ்வொன்றாக. நானும் கையை எடுத்தேன். காற்றாடிக்காரனுடையது மட்டும் ஒன்பது மணிக்கும் எரிந்துகொண்டிருந்தது. ஒன்பதே காலுக்கு அதுவும் போனது.

விசைகளின் சத்தம் மட்டும் அறையை நிறைத்திருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த முகங்கள் சில. பயத்தில் காய்ந்த உதடுகள் சில. வீரம்மா தன் வலது கைக்குத் துணி சுற்றி, அதை மெல்ல ஊன்றி, இரண்டு கைகளாலும் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவளுடைய முதுகு நிமிர்ந்திருந்தது.

பதினொரு மணிபோல நஸீப் வெளியே வந்தார்.

"சுஜந்தன், சிஸ்டம் விழுந்துட்டா? எல்லாம் பூச்சியமா ஈக்கே."

"இல்லை சேர். நல்லா வேலை செய்யுது."

"அப்ப மவுஸுக்கு என்ன?"

"மவுஸுக்கு ஒண்டும் இல்லை சேர். நித்திரை."

அவர் வரிசைகளுக்கிடையே நடந்தார். எல்லோரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். குறை சொல்ல ஒரு கை கிடைக்கவில்லை. அக்காவின் மேசையருகே நின்றார். அக்கா தலையைத் தூக்கவில்லை. கைகள் இரண்டும் மடியில் இருந்தன. திரையில் நண்டின் கையெழுத்து.

"இது நீங்க சொல்லிச் செய்றதா மிஸ்?"

"ஓ. நான்தான் சொன்ன."

"நானும்தான் சேர்" என்று வீரம்மா தன் இடத்திலிருந்தே சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது.

"விசைத் தாளை அடிச்சுக் குடுத்தது நான் சேர்" என்றேன்.

மாலை ஐந்து மணிக்கு அன்றைய கணக்கு வந்தது. வழக்கமாக ஆயிரத்துத் தொள்ளாயிரம் தாள்கள் முடியும். அன்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு. பிழைகள், மவுஸ் பட்டியல் தொடங்கிய நாளிலிருந்து மிகக் குறைவு. மின்சாரம், எல்லோரையும் சேர்த்து, அநேகமாக ஒன்றுமில்லை. அந்த மூன்று இலக்கங்களையும் ஒரே தாளில் அச்சடித்து நஸீபின் மேசையில் வைத்தேன். "இதையும் கொழும்புக்கு அனுப்பலாம் சேர்" என்றேன்.

அவர் அனுப்பினாரா இல்லையா, எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமையும் விளக்குகள் எரியவில்லை. திங்கட்கிழமை பலகையில் பட்டியல் தொங்கவில்லை. கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்து ஒரு நாள் முழுவதும் விசாரித்துவிட்டு, அம்னா அக்காவைப் பற்றி நான் முன்பு சொன்ன அந்த வரியை எழுதிவைத்துப் போனார்கள். அந்த வருடச் சம்பள உயர்வு அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கும் இல்லை. யாரையும் வேலையை விட்டுத் தூக்கவில்லை. பட்டியலை நிறுத்தச் சொன்னார்கள், அவ்வளவுதான். நான் அந்த மென்பொருளை எல்லாக் கணினிகளிலிருந்தும் அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று அறிவித்தேன். மவுஸ்கள் இன்றுவரை நன்றாகத்தான் ஓடுகின்றன.

இரண்டு கிழமை கழித்து நஸீப் அம்னா அக்காவையும் என்னையும் மறுபடி கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன.

முதலாவது, அறிவித்தல் பலகையில் அனுமதியில்லாமல் எழுதியதற்கான எச்சரிக்கை. அக்கா முழுவதும் வாசித்தார். என் பேனையைக் கேட்டு வாங்கி, புள்ளிக் கோட்டில் தெளிவாகக் கையெழுத்திட்டார். நஸீப் வியந்து பார்த்தார்.

"எழுதினது நான்தானே" என்றார் அக்கா. "இதுல பொய் இல்ல."

இரண்டாவது தாள் ஒரு புதிய விதிமுறை. சரிபார்ப்பவரின் வேலையை மவுஸைக் கொண்டு அளக்கக் கூடாது என்பது அதன் முதல் வரி. அக்கா தலையை ஆட்டினார். இரண்டாவது வரி, ஒரு தாளைப் பார்க்க அவர் எடுக்கக்கூடிய நேரம் அதிகபட்சம் ஐந்து நிமிடம்.

"அஞ்சு நிமிஷத்துல விளங்காட்டி?"

"சந்தேகம்ன்டு போட்டு அனுப்பிடுங்க மிஸ்."

"ஒரு நாளைக்கு அம்பது சந்தேகம் அங்க போய்க் குவியும். ராத்திரி வேல பாக்கிற ஒரு தாதி அவசரத்துல அதுல எத வாசிப்பா, எத வாசிக்க மாட்டா?"

நஸீப் பேனையை விரல்களுக்கிடையே உருட்டினார். "அப்ப எத்தன நிமிஷம் போடுற? பத்து? பதினஞ்சு?"

"விளங்குற வரைக்கும்."

"அப்படி ஒரு கணக்கு இல்ல மிஸ். கொழும்புல ஏத்துக்க மாட்டாங்க."

"கணக்கு இல்லாட்டி அந்த வரிய வெட்டுங்க."

வெளியே கட்டுகஸ்தோட்டைப் பாலம்வரை வாகனங்கள் நெருக்கியடித்து நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. நஸீப் கதிரையில் சாய்ந்தார், நிமிர்ந்தார், கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். அக்கா கைகளை மடியில் கோத்துக்கொண்டு அந்த இரண்டாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நஸீப் பேனையால் அந்த வரியைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் தன் ஒப்பத்தையும் இடும்வரை அக்கா எழும்பவில்லை.